ஷாம்பு பாக்கெட்டை ஏன் யாரும் பொறுக்குவதில்லை?

“காலி தண்ணீர் பாட்டிலை யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள். ஷாம்பு பாக்கெட் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறதே, ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

முதலில் எடை. பொறுக்குகிறவருக்குக் காசு கிலோ கணக்கில். காலி பாக்கெட் ஒரு கிராம் என்று வைத்தால், ஒரு கிலோவுக்கு ஆயிரம் தடவை குனிய வேண்டும். குனிந்து சேர்த்தாலும் காயலாங்கடைக்காரர் வாங்க மாட்டார்.

அவர் ஏன் வாங்க மாட்டார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாக்கெட்டைக் கிழித்து ஓரத்தைப் பாருங்கள். ஒரே தாள் போலத் தெரிந்தாலும் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும். வெளியே அச்சடித்த பாலியெஸ்டர். உள்பக்கம், சூடு பட்டதும் இளகி வாயை மூடிக்கொள்ளும் பாலித்தீன். நடுவே பளபளப்பது அலுமினியம். பல பாக்கெட்டுகளில் அது தகடுகூட இல்லை: வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் படியவிடுகிறார்கள். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அந்தப் பூச்சு ஈரத்தையும் காற்றையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான்.

ஆனால் ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு. சரி, மொத்தமாக உருக்கினால்? பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பாலியெஸ்டருக்கு 250 டிகிரி வேண்டும். இரண்டும் உருகினாலும் எண்ணெயும் தண்ணீரும் போல விலகியே நிற்கும். ஆறிய பிறகு அந்த எல்லைகளில்தான் உடையும்.

இந்தக் கூட்டைத் தேர்ந்தெடுத்தவர் தயாரிப்பாளர். அப்புறம், குப்பையை அள்ளும் செலவு மட்டும் ஏன் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும்? 1990-இல் ஸ்வீடன் ஆய்வாளர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் இந்தக் கேள்வியிலிருந்துதான் ‘தயாரிப்பாளர் பொறுப்பு’ என்ற கருத்தை, அதாவது விற்ற பொருள் குப்பையான பிறகும் தயாரித்தவரே அதற்குப் பொறுப்பு என்பதை, வளர்த்தார். 1991-இல் ஜெர்மனி அதைப் பொதியுறைகளுக்குச் சட்டமாக்கியது. பாக்கெட்டுகள் மலிந்த பிலிப்பைன்ஸ் 2022-இல் சட்டம் போட்டது. அதன்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் பிளாஸ்டிக் பொதியுறைக் குப்பையில் 2023-க்கு 20 சதவீதம் மீட்க வேண்டும், 2028-க்குள் 80.

மீட்டதன் மொத்த எடையை மட்டும் கணக்கில் எடுத்தால் நிறுவனங்கள் சுலபமான பாட்டிலைச் சேர்த்து எண்ணிக்கையை முடித்துவிடும். 2022-இல் வந்த இந்திய விதிகள் பல அடுக்குப் பிளாஸ்டிக்கைத் தனி வகையாக வைத்தது அதனால் மிகச் சரி. அதோடு, பிரிக்க முடியாத கலவைக்கு நிறுவனங்கள் கட்டும் கட்டணமும் அதிகமாக இருக்க வேண்டும். அந்தப் பணம் குனிந்து பொறுக்குகிறவர் கைக்குப் போக வேண்டும். வெளி அடுக்கையும் பாலித்தீனிலேயே, இழுத்து விறைப்பாக்கிச் செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மாறுகிற செலவைவிட மாறாமல் இருக்கிற செலவு அதிகமானால், தொழிற்சாலையில் படலத்தின் சுருளை மாற்றுவார்கள்.