வகுப்பு லீடருக்குப் புது வேலை: பள்ளி நலத் திட்டத்தில் மாணவர்கள்

கரும்பலகையில் 'பேசியவர்கள்' பட்டியல் எழுதுவதுதான் லீடர் வேலை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி நலத் திட்டம் அதே லீடருக்கு வேறு வேலை கொடுக்கிறது. ஒன்றிய சுகாதார அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்துகின்றன. பாடத்தொகுப்பு 2020 பிப்ரவரியில் வந்தது.

பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆண், ஒரு பெண், இதற்கெனப் பயிற்சி பெறுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மொத்தம் 11 தலைப்புகள்: மனநலம், உணவு, போதைப்பழக்கம், பாலினச் சமத்துவம், இணையப் பாதுகாப்பு என்று போகும். மதிப்பெண் கிடையாது, பேச்சும் செயல்பாடுகளும்தான். வகுப்பு லீடர்கள் ஆசிரியருக்குத் துணையாக இருந்து, தெரிந்துகொண்டதை நண்பர்களிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு வெளியே, 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் இருக்கிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஊருக்கு இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் எனத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், தங்கள் வயதுப் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்துப் பேச வைப்பார்கள். படிப்பை நிறுத்தியவர்களும் வரலாம். இது எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் தெரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. லீடராக இருக்கும் பிள்ளையிடம் யாராவது வந்து அழலாம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியமும் வாங்கலாம். ஆறுதலாகக் கேட்பது வரைதான் பிள்ளையின் வேலை. அடி, பாலியல் தொல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு என்றால் அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். அது துரோகம் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாலியல் குற்றம் என்றால் சட்டமே பேசுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் அந்தத் தண்டனை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. ஆசிரியர் தப்ப முடியாது. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும்' என்பது பதிலே அல்ல. நேரடியாக அழைக்க, குழந்தைகளுக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம்.

என் கருத்து ஒன்று. பல இடங்களில் முதல் மதிப்பெண் வாங்குபவரையே லீடராக்கிவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் வேறொருவரிடம், கடைசி பெஞ்சில்கூட இருக்கலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த இரண்டு ஆசிரியர்கள் யார், வாராந்தர வகுப்பு எந்த நாள், லீடரை யார் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.