ஆப்ஜெக்ட்டுக்குள் லாம்டா ஏன் நுழைவதில்லை?

ஜாவா நிரல்மொழியில் ஸ்ட்ரிங், லிஸ்ட், அர்ரே எதை வேண்டுமானாலும், எல்லா கிளாஸ்களுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் வகை மாறியில் போட்டுவிடலாம். பெயரில்லாத சிறு ஃபங்ஷனான லாம்டாவைப் போட்டால் மட்டும், ‘ஆப்ஜெக்ட் ஒரு ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ் அல்ல’ என்று, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிடும். உண்மையான பதில்தான், ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. ஓடும்போது லாம்டாவும் ஓர் ஆப்ஜெக்ட்தானே?

ஓடும்போது சரி. கம்பைல் ஆகும்போது அது இன்னும் எதுவுமே இல்லை. ‘() -> 42’ (எதையும் வாங்காமல் 42ஐத் திருப்பித் தரும் லாம்டா) என்பதற்கு ஜாவாவில் சொந்தமாக ஒரு வகை கிடையாது. அது போய்ச் சேரும் மாறியின் வகையே அதன் வகை. சப்ளையர் மாறிக்குப் போனால் சப்ளையர், காலபிள் மாறிக்குப் போனால் காலபிள். (இரண்டும் ஒரு மதிப்பைத் தரும் மெத்தட் கொண்ட ஜாவா இன்டர்ஃபேஸ்கள்.)

எனவே கம்பைலர் முதலில் சேருமிடத்தைத்தான் பார்க்கிறது. அது ஓர் இன்டர்ஃபேஸாக, அதாவது என்னென்ன மெத்தட்கள் வேண்டும் என்று சொல்லும் வகையாக இருக்க வேண்டும்; அதில் உடல் எழுதப்படாத மெத்தட் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ். (வரிசைப்படுத்த உதவும் கம்பேரேட்டர் இன்டர்ஃபேஸில் அப்படி இரண்டு தெரியும். அதில் ‘ஈக்வல்ஸ்’ ஆப்ஜெக்ட்டிலேயே இருப்பதால் கணக்கில் வராது.) அந்த மெத்தடோடு அளவுருக்களும் திருப்பித் தரும் மதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பிறகு சோதிக்கும். ரன்னபிள் இன்டர்ஃபேஸின் மெத்தட் எதையும் திருப்பித் தராது என்பதால் ‘() -> 42’ அங்கே செல்லாது. ஆனால் லிஸ்ட்டில் ஓர் எண்ணைச் சேர்க்கும் லாம்டா, உண்மை அல்லது பொய் என்ற மதிப்பைத் தந்தாலும் செல்லும். மெத்தட் அழைப்பு தனி வாக்கியமாக நிற்கும், மதிப்பை உதறிவிடலாம். வெறும் 42 அப்படி நிற்காது.

பலர் தடுக்கி விழுவது எக்ஸெப்ஷனில், அதாவது ஓடும்போது வீசப்படும் பிழை அறிவிப்பில். எக்ஸெப்ஷன் வீசக்கூடிய ‘த்ரெட்.ஸ்லீப்’ மெத்தடை அழைத்துவிட்டு 42 தரும் லாம்டாவைக் காலபிள் ஏற்கும், சப்ளையர் ஏற்காது. காலபிளின் மெத்தட் எக்ஸெப்ஷன் வீசலாம் என்று அறிவித்திருக்கிறது, சப்ளையரின் மெத்தட் அறிவிக்கவில்லை. லாம்டாவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது.

ஆப்ஜெக்ட்டில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மெத்தடும் இல்லை. இன்னொரு தடையும் உண்டு: லாம்டாவுக்கான கிளாஸை, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் ஓடும்போதுதான் உருவாக்குகிறது. எந்த இன்டர்ஃபேஸுக்காக என்று கம்பைலர் முன்கூட்டியே எழுதித் தந்தாக வேண்டும். லாம்டாவுக்கு முன்னால் ‘(சப்ளையர்)’ என்று வகையைக் குறிப்பிட்டு, அதாவது காஸ்ட் போட்டால் அந்தத் தகவல் கிடைத்துவிடும், ஆப்ஜெக்ட்டும் மறுக்காது.

2014இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது ரன்னபிள், கம்பேரேட்டர் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. பழைய லைப்ரரிகள் ஒரு வரிகூட மாறாமல் லாம்டாவை ஏற்றுக்கொண்டன. என்னைக் கேட்டால், ஒரு காஸ்ட் அதற்கு மலிவான விலை. கோட்லின், ஸ்காலா மொழிகளில் ஃபங்ஷனுக்கே சொந்த வகை உண்டு. அங்கே இந்தப் பிரச்சினையே எழாது. சி ஷார்ப் மொழியும் ஜாவாவைப் போல மறுத்துக்கொண்டுதான் இருந்தது. 2021இல் வந்த 10ஆம் பதிப்பு ‘() => 42’ஐ முழு எண் தரும் ஃபங்க் வகையாகத் தானே ஊகித்து ஆப்ஜெக்ட்டுக்குள் விடுகிறது. ‘x => x’ மட்டும் இன்னும் நுழைய முடியாது; x எந்த வகை என்று எழுதினால்தான் வழி கிடைக்கும்.