தவணை எந்த இடத்தில் தவறுகிறது?

கணினி வேலையொன்று சொன்ன திகதிக்கு முடியாவிட்டால் நாங்கள் உடனே ஆட்களைத்தான் குறை சொல்லுவோம். பொடியளுக்கு வேலை தெரியாது, கம்பனி ஏமாற்றிப்போட்டுது என்போம். உளவியலாளர்கள் வேறொரு காரணம் சொல்கிறார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் கனடாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டபோது, சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோணலாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் எடுத்தது. ஆகக் கெட்ட நிலையை நினைத்துப் போட்ட கணக்கும் போதாமற் போய்விட்டது. டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இந்த மயக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். வேலை எப்படி நடக்கும் என்று மனம் ஒரு கதை கட்டுகிறது. இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு காலம் எடுத்தன என்று அது கேட்பதில்லை.

செயற்றிட்ட முகாமைத்துவம் என்று பெரிய பெயரில் படிப்பிக்கிறது பெரும்பாலும் இந்த மயக்கத்துக்குப் போடும் கடிவாளங்களைத்தான். தொடக்கம், திட்டமிடல், நிறைவேற்றல், கண்காணித்தல், முடித்தல் என்று ஐந்தாகப் பிரித்துச் சொல்வார்கள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. கண்காணித்தல் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே ஓடும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் தன் கிராமிய வங்கிக் கிளைகளின் நகை அடகுப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் தேவைப்படுவது ஒரு பக்கக் கடிதம். எதற்காக இந்த வேலை, எது இதற்குள் அடங்கும், எது அடங்காது, காசு ஒதுக்குவது யார், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. எது அடங்காது என்ற வரிதான் பின்னால் பெரிதாகக் கைகொடுக்கும். அது இல்லாவிட்டால், மூன்றாம் மாதக் கூட்டத்தில் ஒரு பணிப்பாளர் எழும்பி, அப்படியே உரக்கடைக் கணக்கையும் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பார். கேட்டவர் பெரியவர்; மறுக்க ஆளிருக்காது.

திட்டமிடலின் கணித இதயம் 1950களின் கடைசியில் பிறந்தது. டுபொன்ட் கம்பனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து தீர்வுப் பாதை முறையை உருவாக்கின. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணை வேலைக்காகப் பேர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. எங்கள் சங்கத்தின் வேலையில் இதைப் போட்டுப் பார்ப்போம். தேவைகளைக் கேட்டு எழுத 3 வாரம். அதன்பின் இரண்டு வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடலாம்: மென்பொருள் எழுத 6 வாரம், பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்து துப்புரவாக்க 8 வாரம். இரண்டும் முடிந்த பிறகே சோதனை, 3 வாரம். பிறகு ஊழியர் பயிற்சி, 2 வாரம். மென்பொருள் வழியாகக் கூட்டினால் 14 வாரம், பதிவேடு வழியாகக் கூட்டினால் 16. நீளமான சங்கிலிதான் முடிவுத் திகதியைத் தீர்மானிக்கிறது; அதுதான் தீர்வுப் பாதை. மென்பொருள் எழுதுபவர் இரண்டு வாரம் பிந்தினாலும் ஒன்றும் ஆகாது. தட்டச்சுக்காரர் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும். வழமையில் நாங்கள் நெருக்குவது மென்பொருள்காரரை!

தட்டச்சுக்கு ஆள் கூட்டி 8 வாரத்தை 5 ஆக்கினால் 3 வாரம் மிச்சமா? இல்லை, 2 வாரந்தான். அதற்குள் மென்பொருள் வழி நீளமான சங்கிலியாகிவிடும்.

அந்த 8 வாரமும் நிச்சயமில்லை. பேர்ட் முறையில் மூன்று எண் கேட்பார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழமைபோல் நடந்தால், மோசமாகப் போனால். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 5, 8, 17 என்று வந்தால் விடை 9. மோசமான பக்கத்து வால் நீளமென்பதால் சராசரி அந்தப் பக்கம் இழுபடுகிறது.

ஏன் 17? இங்கேதான் எங்கள் ஊர்த் தரவின் குணம் தெரியவரும். ஒரே ஆள் ஒரு பதிவில் முதலெழுத்தோடு இருப்பார், இன்னொன்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், மூன்றாவதில் ஆங்கில எழுத்தில். அடையாள அட்டை இலக்கத்தை வைத்து ஒன்றாக்கலாம் என்றால் அதிலும் இரண்டு வகை. பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்தது 12 இலக்கம். பழையதன் முன்னால் 19ஐப் போட்டு, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வரும். இலக்கத்துக்குள்ளேயே ஒரு காவலாளியும் இருக்கிறார். பழைய இலக்கத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் இலக்கங்கள் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அங்கே 420 என்று கண்டால் தட்டச்சுப் பிழை என்று கணினியே மறித்துவிடலாம்.

சங்கத்திடம் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் இன்னொரு தலையிடி. பாமினியில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. யுனிகோட்டுக்கு மாற்றாமல் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது. மாற்றிய பிறகும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் தேடும்போது பாதிப் பெயர் அகப்படாது. இப்படியான சங்கதிகளை முதல் வாரத்திலேயே ஐம்பது பதிவுகளை எடுத்து மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் நல்ல திட்டமிடல். அழகான வண்ண அட்டவணை பிறகு வரட்டும்.

வேலை பிந்தத் தொடங்கியதும் ஆள் சேர்ப்போம் என்பார்கள். ஐபிஎம்மின் ஓஎஸ் 360 இயங்குதள வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975இல் எழுதினார். புதியவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. பேச வேண்டிய சோடிகளும் பெருகுகின்றன: 3 பேருக்கு 3, 6 பேருக்கு 15, 10 பேருக்கு 45. பதிவேடு தட்டச்சு செய்ய ஆள் சேர்ப்பது வேறு கதை. அந்த வேலையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒருவரோடொருவர் அதிகம் பேச வேண்டியதில்லை.

கண்காணிப்பில் நான் நம்பாத சொல் 'தொண்ணூறு வீதம் முடிஞ்சுது'. ஒரு கிளையின் பதிவுகள் ஏற்றிச் சரிபார்த்தாயிற்றா, இல்லையா? ஆம் என்றால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம். நான்கு கிளை முடிந்திருக்க வேண்டிய திகதியில் இரண்டு முடிந்திருந்தால் வேகம் பாதி. இந்தச் சின்னக் கணக்கே கூட்ட அறையில் பல வாக்குவாதங்களை மிச்சப்படுத்தும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கடைசியில் சோதிப்பதா, துண்டு துண்டாகக் கொடுப்பதா என்பது பழைய வழக்கு. அருவிபோல் ஒரே திசையில் இறங்கும் முறைக்கு 1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் வரைந்த படத்தையே மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில் அவர் அது ஆபத்தானது என்றும் எழுதியிருந்தார். 2001இல் 17 மென்பொருள்காரர் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி, வேலைசெய்யும் மென்பொருளைச் சிறுகச் சிறுகக் கொடுப்போம் என்று அறிக்கை விட்டார்கள். எங்கள் சங்கத்துக்கு என் தெரிவு: ஒரு கிளை, நகை மீட்டல் மட்டும், முதலில். சில வாரம் கொப்பியிலும் கணினியிலும் சேர்த்தெழுதி, மாலையில் இரண்டு கூட்டுத்தொகையும் ஒக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாற்றத்தை நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் வைப்பவர் யாழ்ப்பாணம் தெரியாதவர். இதற்கு எதிர்மாறாக, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதித் தளமான ஹெல்த்கேயார் கொவ், தொடக்கம் முதல் முடிவு வரையான சோதனையைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவிட்டு 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தது. முதல் நாள் காப்புறுதியில் சேர முடிந்தவர்கள் 6 பேர்.

முடித்தல் என்பதைத் தேநீர் விருந்தோடு விட்டுவிடுகிறோம். கையளிப்பில் மூலநிரல், சேவர் கடவுச்சொற்கள், டொமைன் பதிவு எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கனடாவுக்குப் போய்விட்ட ஒரு தம்பியின் ஜிமெயிலில் அல்ல. காப்புப் பிரதி இருக்கிறது என்ற பேச்சை ஏற்காமல், வேறொரு கணினியில் அதை மீளேற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். சோதனைக்காகக் கம்பனி எடுத்துப்போன உண்மையான அடகுப் பதிவுகளும் அழிக்கப்பட வேண்டும். யார் எந்தத் திகதியில் எத்தனை பவுணை அடகு வைத்தார் என்பது தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவதும் இப்படியான தரவைப் பற்றித்தான். அழித்ததற்கு எழுத்தில் உறுதி வந்த பிறகே கடைசிக் கொடுப்பனவில் கையெழுத்து.