அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு: பிளஸ் 1 சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இதுவரை அரசுப் பள்ளியில் படித்தது போதும், பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு வருடமாவது நல்ல தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம்." கடன் வாங்கியாவது சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளையின் நலனுக்காக எடுக்கும் முடிவுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை சேர்த்துவைத்த ஒரு பெரிய உரிமை, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே கைநழுவிப் போகிறது. அந்த உரிமைதான் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு.

மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு வந்த பிறகு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான ஆணையம் இதை ஆராய்ந்து பரிந்துரை அளித்தது. அதன் அடிப்படையில் 2020-ல் சட்டம் வந்தது. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்றானது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து இந்த ஒதுக்கீடு விலக்குத் தரவில்லை.

மருத்துவத்தோடு இது நின்றுவிட்டதாகவே இன்னும் பலர் நினைக்கிறார்கள். நீதிபதி டி. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, 2021-ல் இன்னொரு சட்டம் நிறைவேறியது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் பொருந்தும். அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான் அளவுகோல். வணிகவியல் பிரிவு எடுத்த மாணவிகூட ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இதை அந்த வகுப்பறைகளில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, யாருக்கு உரிமை? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பெயரில் 'அரசு' இருப்பதால் இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் தகுதி உண்டு.

நடுவில் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் தகுதி போய்விடும். திரும்பி வந்து பிளஸ் 2-வை அரசுப் பள்ளியில் முடித்தாலும் பயனில்லை.

போவது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பைக் கட்டணச் சுமையே இல்லாமல் முடிக்க முடிகிறது என்றால், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய விடுதலை! தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டு கட்டிய பணம் ஒருபக்கம், இழந்த இந்தச் சலுகை மறுபக்கம். கூடுதலாகக் கிடைக்கும் இருபது, முப்பது மதிப்பெண் இதை ஈடுகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், இந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும்தான். அதற்குள்ளேயும் 69 சதவீத இனவாரி இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது.

பொதுப் பிரிவில் கலந்துகொள்ளும் உரிமையும் போவதில்லை. நல்ல கட் ஆஃப் இருந்தால் இரண்டிலும் முயலலாம். ஆனால் பொதுப் பிரிவில் கிடைத்த இடத்தை உறுதிசெய்தால், 7.5 சதவீதத்துக்கான கட்டணச் சலுகை அந்த இடத்துக்கு வராது. கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், கட்டணத்தையும் பார்த்து முடிவெடுங்கள்.

ஆவணங்களைப் பிளஸ் 2 தொடக்கத்திலேயே தயார்செய்துகொள்வது நல்லது. எட்டாம் வகுப்பு வரை ஊரில் உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பிறகு பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி என்று படித்தவரானால், இரண்டு பள்ளிகளிலும் படித்ததற்கான விவரம் வேண்டும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைச் சேமிக்கும் இணையத் தளம்) பதிவில் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவை மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். 'எம். கவிதா' ஓரிடத்திலும் 'கவிதா எம்.பி.' இன்னோரிடத்திலும் இருந்தால், கலந்தாய்வு நேரத்தில் அலையவேண்டி வரும்.

கலை, அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இந்த 7.5 சதவீதம் இல்லை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இங்கே உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடமுண்டு. பட்டப்படிப்போடு டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புகளுக்கும் பணம் கிடைக்கும். தொலைதூரக் கல்விக்குக் கிடைக்காது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் பெறலாம்.

ஏற்கெனவே பள்ளி மாறிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். எந்தப் பள்ளியில் படித்தாலும் இது பொருந்தும். அரசு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாகத் தொழிற்கல்லூரியில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அண்ணனோ அக்காவோ முன்பே பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது. வருவாய்த் துறை விசாரித்துத்தான் தரும் என்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.