படையிலிருந்து வந்த பின் சேர்ந்த பி.எஃப். கணக்குகளை ஒன்றாக்கலாமா?

படையில் 17 ஆண்டுகள் முடித்து நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் சிப்பாய் ஒருவர், முதலில் சேலம் ஐந்து ரோட்டில் ஏதேனும் ஒரு கட்டடத்தில் காவல் பணி, அடுத்து ஏற்காட்டில் தோட்டம் அல்லது விடுதி, பிறகு ஓர் ஆலை என்று மாறுவது வழக்கம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர் பெயரில் ஒரு பி.எஃப். கணக்கு தொடங்கப்படுகிறது. எல்லா பி.எஃப். கணக்குகளுக்கும் பொதுவாக ஓர் உறுப்பினருக்குத் தரப்படும் யு.ஏ.என். எண்ணை, அதாவது பழைய எண்ணைச் சொல்ல மறந்துவிட்டால் எண்ணே இரண்டாகிவிடுவதும் உண்டு.

படைக்காலப் பணத்தை இந்தக் கணக்குகளோடு சேர்க்க வழியில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. வீரர்களின் படைச் சேமநல நிதியும் அதிகாரிகளின் சேமநல நிதியான டி.எஸ்.ஓ.பி. நிதியும் பணி முடியும்போது கணக்குத் தீர்த்துக் கையில் தரப்படுகின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய ஓய்வூதியத் திட்டம் முப்படையினருக்குப் பொருந்தாது என்பதால், 15 ஆண்டு தகுதிப் பணி முடித்த வீரருக்குப் படை ஓய்வூதியம் தனியாக வந்துகொண்டே இருக்கும், பி.எஃப். கணக்கில் நாம் எடுக்கும் எந்த முடிவும் அதைக் குறைக்காது.

முடிவெடுக்க வேண்டியது பிந்தைய வேலைகளின் கணக்குகளைப் பற்றித்தான். அவற்றை ஒன்றாக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், ரூ.15,000 ஊதிய உச்சவரம்புக்கு உட்பட்டு, ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அந்தத் திட்டத்தில் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். நான்கு, மூன்று, நான்கு ஆண்டுகள் என்று மூன்று இடங்களில் வேலை பார்த்தவர் ஒவ்வொரு முறை விலகும்போதும் படிவம் 10சி கொடுத்துப் பணத்தை எடுத்திருந்தால், அவர் கையில் மிஞ்சுவது மூன்று சிறு தொகைகள் மட்டுமே. எடுக்காமல் மாற்றிக்கொண்டு வந்திருந்தால் 11 ஆண்டுகள் ஆகிவிடும். சராசரி ஊதியம் ரூ.15,000 எனில், அதை 11 ஆல் பெருக்கி 70 ஆல் வகுக்க மாதம் சுமார் ரூ.2,357 கிடைக்கும். படை ஓய்வூதியத்துக்கு மேல் வரும் இந்தத் தொகை ஒரு குடும்பத்தின் மாத மருந்துச் செலவைத் தாங்கும்.

வருமான வரியும் இதே பக்கம்தான் நிற்கிறது. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் முடியுமுன் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக வரி உண்டு. ஆனால் கணக்கை மாற்றிக்கொண்டால் முந்தைய நிறுவனத்தில் இருந்த காலமும் அந்த ஐந்து ஆண்டில் சேரும்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒரேபோல் இராது. 50 வயதில் முதன்முறையாக பி.எஃப். உறுப்பினராகும் ஒருவரால் 58க்குள் 10 ஆண்டுகளை எட்ட முடியாது. 2014 செப்டம்பருக்குப் பிறகு ரூ.15,000க்கு மேல் ஊதியத்தில் முதன்முறையாகச் சேர்ந்தவர் ஓய்வூதியத் திட்டத்திலேயே இருக்க மாட்டார். இவர்களும் வைப்புத் தொகையை ஒரே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் மாத ஓய்வூதியத்தை எதிர்பார்த்து அல்ல.

மாற்றம் படிவம் 13 வழியாக, யு.ஏ.என். இணையதளத்திலேயே நடக்கும். இரண்டு எண்கள் இருந்தால் பழைய எண்ணில் உள்ளதைப் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதியலாம். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புக்கில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். ஆதாரில் அதுவே ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் வந்திருக்கும். பிறந்த தேதியும் சில நேரம் ஒத்துப்போகாது. இந்த வேறுபாடு இருக்கும்வரை மாற்ற விண்ணப்பம் திரும்பித் திரும்பி வரும். எனவே முதலில் ஆதாரையும் பி.எஃப். பதிவையும் பொருந்தச் செய்துவிட்டு, தேவைப்பட்டால் நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்து, அதன் பிறகே படிவம் 13ஐ அனுப்புங்கள்.