உண்ணி, உண்ணிக் காய்ச்சல், லைம் நோய்: எது எது?

லைம் நோய் என்றதும் எலுமிச்சையோ சுண்ணாம்போ நினைவுக்கு வந்தால் உங்கள் மேல் தப்பில்லை, ஆங்கிலத்தில் ஒலி ஒன்றுதான், எழுத்துதான் வேறு. உண்ணி பரப்பும் இந்த நோய்க்கு வந்தது ஊர்ப்பெயர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்டு லைம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். 1975 வாக்கில் அங்கே பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு எப்படி மூட்டுவாதம் வரும் என்று தாய்மார் இருவர் விடாமல் கேட்ட பிறகுதான் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினார்கள். 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி, இந்த நோய்க்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை உண்ணியின் குடலில் கண்டார். கிருமிக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள்: பொரெலியா பர்க்டோர்ஃபெரி.

சரி, உண்ணிக்கு வருவோம். உண் என்ற வினையோடு இ சேர்ந்தால் உண்ணி, அதாவது உண்பது. ஒட்டுண்ணி, ஊனுண்ணி எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. (மலையாளத்தில் உண்ணி என்றால் குழந்தை. பாலக்காட்டுப் பக்கம் போனால் பார்த்துப் பேசுங்கள்.) ரத்தம் குடித்து உப்பிய மாட்டுண்ணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படியே ஆமணக்கு முத்து மாதிரி இருக்கும், வழவழப்பாக, சாம்பல் பூத்து. லத்தீன்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது: ரிசினஸ் என்றால் அவர்கள் மொழியில் உண்ணி, அதே பெயரைத்தான் ஆமணக்குக்கும் வைத்தார்கள். ஐரோப்பாவில் லைம் நோயைப் பரப்பும் உண்ணியின் அறிவியல் பெயரிலும் அந்த ரிசினஸ் இருக்கிறது.

ஆங்கிலத்தைப் பார்த்து 'உண்ணிக்கடி' என்று எழுதுகிறோம். ஆனால் மாடு வளர்ப்பவர் யாரும் 'உண்ணி கடிச்சிருச்சு' என்று சொல்லிக் கேட்டதில்லை, 'உண்ணி பிடிச்சிருக்கு' என்பார்கள். அதுதான் சரியான சொல். கொசு குத்திவிட்டுப் பறந்துவிடும். உண்ணி வாயைத் தோலுக்குள் செருகி நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். அமெரிக்க உண்ணியில் லைம் கிருமி உடம்புக்குள் இறங்கப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் எவ்வளவு நேரம் பிடித்திருந்தது என்பதுதான் முதல் கேள்வி. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், அக்குளிலோ முழங்காலின் பின்பக்கமோ இருந்தால் கண்ணுக்கே படாது. எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் போதும்.

இப்போது குழப்பத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது லைம் நோய் அல்ல, ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணியே இல்லை, புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு (பெயரில் உண்ணி இருந்தாலும் இது வேறு உயிர்; ஆங்கிலத்தில் இது மைட், உண்ணி டிக்). கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957இல் தெரியவந்த குரங்குக் காய்ச்சலோ வைரஸ் நோய், அதைப் பரப்புவது நிஜ உண்ணி. ஆக, உண்மையில் உண்ணியால் வருவதற்குக் குரங்கின் பெயர், உண்ணியால் வராததற்கு உண்ணியின் பெயர்! இந்த நிலையில் லைம் நோயையும் உண்ணிக் காய்ச்சல் என்று மொழிபெயர்த்தால் நியூஜெர்சியில் இருக்கும் மகன் சொல்வது ஒன்று, மதுரையில் அம்மா புரிந்துகொள்வது வேறொன்றாகிவிடும். ஊர்ப்பெயர்தானே, 'லைம் நோய்' என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்க்க வேண்டியது அதன் அடையாளத்தைத்தான். உண்ணி பிடித்த 3 முதல் 30 நாளுக்குள் பலருக்கு ஒரு சிவந்த தடம் தோன்றி மெல்ல அகலும், சிலருக்கு நடுவில் வெளுத்து வளையமாகத் தெரியும். மருத்துவத்தில் எரித்திமா மைக்ரன்ஸ், அதாவது இடம்பெயரும் சிவப்பு. 'படரும் செந்தடம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. பார்த்தால் படர்தாமரை மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அரிக்காது. படர்தாமரைக் களிம்புக்கு அது போகாது. டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை வேண்டும், ஸ்க்ரப் டைபஸுக்கும் அதே மாத்திரைதான்.