சிட்டின் கண்ணில் ஃபோகஸ் வைப்பது எப்படி?

கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸில் சிறு பறவைகளைப் படமெடுக்க நினைப்பவர்கள், வளையத்தை எவ்வளவு வேகமாகத் திருப்புவது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். வேகத்தில் பறவையை ஜெயிக்க முடியாது. கண் பார்த்ததற்கு விரல் அசையவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் தேன்சிட்டு அடுத்த கிளைக்குப் போயிருக்கும். கூர்மை விழும் இடத்தை முன்பே முடிவு செய்துகொண்டு, பறவை அங்கே வரக் காத்திருப்பதே பலன் தரும் வழி.

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தைத்தான் சரியாகக் குவிக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் சிறு வட்டமாக விழுகிறது. வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நம் கண் அதையும் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்கும் தூர எல்லைதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 400 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 5.6-இல் வைத்தால், 5 மீட்டர் தூரத்தில் அது சுமார் 5 செ.மீ. மட்டுமே. 3 மீட்டருக்கு நெருங்கினால் 2 செ.மீ. கூட இல்லை. தேன்சிட்டோ அலகு முதல் வால் வரை 10 செ.மீ. அளவுள்ளது. அது நம்மைப் பார்த்து உட்கார்ந்தால் அலகு கூர்மையாகி, கண் மங்கிவிடலாம். பக்கவாட்டில் திரும்பினால் ஏறக்குறைய முழு உடலும் அந்த மெல்லிய பரப்புக்குள் அடங்கும். துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் வெளிச்சம் பாதியாகும்.

சரி, கூர்மை வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். ஃபோகஸ் விலகியிருக்கும்போது அது பரந்த, வெளிறிய வட்டம். வளையத்தைத் திருப்பத் திருப்ப அதே ஒளி சிறிய இடத்தில் குவிவதால், சுருங்கிப் பிரகாசமாகும். தாண்டிப் போனால் மறுபடி விரியும். தாண்டவிட்டு, மிகச் சிறியதாக இருந்த இடத்துக்குத் திரும்புவதே நம்பகமான முறை. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்துப் பார்த்தால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதி தோராயமாக வழிகாட்டும், அவ்வளவுதான். கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதையே நான் நம்புவேன்.

இதற்கு நேரம் கிடைக்குமா? கிடைக்கும், பறவையே தருகிறது. பறவைகளின் கண்கள் குழிக்குள் அதிகம் உருளாது. அதனால் பார்வையை மாற்ற அவை தலையையே வெடுக்கென்று திருப்பி, காட்சி கலங்காமலிருக்க உடனே அசையாமல் நிறுத்துகின்றன. அந்த நிறுத்தம்தான் ஷட்டரை அழுத்தும் தருணம். 1/1000 நொடி வைத்தால் சின்னத் துடிப்பும் உறைந்துவிடும். வளையத்தைத் தொடாமல் உடலை லேசாக முன்னும் பின்னும் சாய்த்தபடி தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்தால், ஏதாவது ஒன்றில் கண் அந்தப் பரப்புக்குள் வந்துவிடும்.

ஈப்பிடிப்பான்கள் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். கிளை நுனியில் ஃபோகஸ் வைத்து, அப்புறம் அப்பர்ச்சரை எஃப் 8-க்குக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம். காற்றில் ஆடும் கிளை வேண்டாம். சில சென்டிமீட்டர் ஆடினாலே கூர்மை போய்விடும். கூட்டுக்கு அருகில் இப்படி உட்காரவே கூடாது, தாய்ப்பறவை குஞ்சுகளிடம் வரத் தயங்கும்.

புதருக்குள் திரியும் தையல்சிட்டுக்குக் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்தான் என் தேர்வு. தானியங்கி ஃபோகஸ் பல சமயம் குறுக்கே நீட்டிய குச்சியைப் பிடித்துக்கொள்ளும். கையால் வைத்த ஃபோகஸ், குச்சிக்குப் பின்னால் வைத்த இடத்திலேயே நிற்கும்.